செமோ பெகேரோவின் ரத்தத்துக்கு நடந்த சண்டை

அசுவா பஸ் நிறுத்தத்தில் வாடகைக்கு பைக் ஓட்டுகிற கூட்டத்தில் செமோ பெகேரோவுக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது. அதற்காக அவனைப் புனிதன் என்று நினைத்துவிட வேண்டாம். எதிரி வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டும். ஐம்பது வயதுவரை அவன் எந்தப் பக்கமும் நின்றதில்லை.

தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் பெட்ரோல் போட்டுக் கொடுத்து பைக்குகளை ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள். செமோ காலையில் ஒரு கட்சிக்குப் போவான், சாயங்காலம் இன்னொரு கட்சிக்கு. வீட்டுக்கு வந்து சட்டை மாற்ற நேரம் இருக்காது என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டையும் போட்டுக்கொள்வான். ஒரு தடவை வெயில் தாங்காமல், எந்த ஊர்வலத்தில் இருக்கிறோம் என்பதையும் மறந்து, மேல்சட்டையைக் கழற்றிவிட்டான். அன்றைக்கு அவன் ஓடிய வேகத்தில் அவன் பைக்கே ஓடியதில்லை.

வீட்டிலும் இதே பிழைப்புதான். அவன் மனைவி நெரெய்தா வீட்டுக்கும் அவன் அக்கா விந்தா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இரண்டு பெண்களுக்கும் கல்யாணத்தன்றே ஆகவில்லை. காரணம் இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை, ஆனால் கோபம் மட்டும் பத்திரமாக இருந்தது. மதியம் மனைவி கையால் சோறும் சிவப்பு பீன்ஸும் ஆட்டுக்கறியும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக அக்கா வீட்டில் நுழைந்து, "பசிக்குதுக்கா" என்பான். பத்தொன்பது வருஷமாக இரண்டு சாப்பாடு. வயிறு என்ன செய்யும் பாவம், அது முன்னால் வந்து நின்றது.

அப்படிப்பட்டவனுக்கு விபத்தும் அப்படித்தான் வரும். அன்று பைக்கில் அவன் பின்னால் ஒரு தையல்காரி, அவளுக்குப் பின்னால் அவள் கொழுந்தன். முச்சந்திக்கு வந்ததும் தையல்காரி, "சந்தை வழியா இடது பக்கம் போ" என்றாள். கொழுந்தன், "கோயில் வழியா வலது பக்கம் போ, அதான் சுருக்கு" என்றான். செமோ அவளுக்கும் தலையாட்டினான், இவனுக்கும் தலையாட்டினான். நேரே இளநீர் வண்டி நின்றிருந்தது.

புழுதி அடங்கியபோது தையல்காரி இளநீர்க் குலைமேல் உட்கார்ந்திருந்தாள், கொழுந்தன் அவள் மடியில் உட்கார்ந்திருந்தான். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. செமோவுக்கு மட்டும் தொடை எலும்பு இரண்டாக ஒடிந்து, பைக்கின் கைப்பிடி விலாவுக்குக் கீழே குத்தி, உள்ளே மண்ணீரல் கீறிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடைக்குள் கம்பி வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். மண்ணீரலை ஒன்றும் செய்யவில்லை. கசிந்த ரத்தம் தானாக உறைந்து கீறலை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் விட்டு, அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்த இடத்தில் அசையக்கூடாது என்று உத்தரவு.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. கட்டிலுக்கு இடப்பக்கம் வந்து நின்றவர் அறுவை டாக்டர் குவேயோ. நரைத்த மீசை, கசாப்புக்காரன் தோள். வலப்பக்கம் வந்து நின்றவள் டாக்டர் யொகாஸ்தா, மருந்து டாக்டர். ஒல்லி உடம்பு, ஆனால் குரல் வார்டுக்கு வெளியே கேட்கும்.

"இவனுக்கு ரத்தம் உறையாம இருக்க ஊசி போடணும்" என்றாள் யொகாஸ்தா. "தொடை ஒடிஞ்சு அசையாம கெடக்கான். காலுக்குள்ள ரத்தம் கட்டியாயிரும். அந்தக் கட்டி நழுவி நெஞ்சுக்குப் போச்சுன்னா, பேசிக்கிட்டே இருக்கிறப்ப செத்துருவான்."

"ஊசி போட்டா மண்ணீரல்ல அடைச்சிருக்கிறதும் தொறந்துக்கும்" என்றார் குவேயோ. "அப்புறம் பேசாமலே செத்துருவான்."

"அதுக்காக எத்தனை நாள் சும்மா பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

"அடைப்பு இறுகுற வரைக்கும். நர்ஸ், இவனுக்கு வலிக்குன்னு ஆஸ்பிரின் கீஸ்பிரின் குடுத்துறாதீங்க. அதுவும் ரத்தத்த நீர்க்க வச்சிரும்."

யொகாஸ்தா குனிந்து செமோவைப் பார்த்தாள். "நான் சொல்றது புரியுதா ஐயா?"

"சரியாத்தான் சொல்றீங்க டாக்டரம்மா."

"அப்ப நான் சொன்னது?" என்றார் குவேயோ.

"அதுவும் சரிதான் டாக்டர்."

இரண்டு டாக்டர்களும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம், இந்த ஆளிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பது. கடைசியில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். மறுநாள் காலைவரை ரத்த அளவு இறங்காமல் நின்றால் சின்ன அளவில் ஊசியை ஆரம்பிப்பது. அதுவரை நல்ல காலில் காற்றடைத்த உறை ஒன்றை மாட்டிவிட்டார்கள். மெஷின் அதை உப்ப வைத்து, அமுக்கி, விடும். ரத்தம் தேங்காமல் ஓட வேண்டுமாம். செமோவுக்கு அது யாரோ காலைப் பிசைந்து கடன் கேட்பதுபோல் இருந்தது.

நெரெய்தா இந்தப் பேச்சையெல்லாம் வார்டு வாசலில் நின்று கேட்டாள். விந்தா எதிர் ஜன்னலில் நின்று கேட்டாள். அவரவருக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டார்கள்.

நெரெய்தாவின் அப்பா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர். தேறிவிட்டார், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்ற அன்று கக்கூசுக்குப் போக எழுந்து நின்றார், நின்றபடியே போய்ச் சேர்ந்தார். காலில் கட்டியான ரத்தம் என்றார்கள். விந்தாவின் முதல் புருஷன் கூரையிலிருந்து விழுந்தவன். எழுந்து தூசி தட்டி, சிரித்து, ஒரு பீரும் குடித்தான். உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வெளுத்துப் போய் முடிந்தான். ஆகவே ஒருத்திக்கு உறைகிற ரத்தம் எமன், இன்னொருத்திக்கு ஓடுகிற ரத்தம் எமன். இதில் யாரைக் குறை சொல்ல?

ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஒரு அட்டைதான். அதைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். ஒருத்தி வெளியே வந்து அட்டையைக் காவலாளியிடம் கொடுத்த பிறகுதான் இன்னொருத்தி போக முடியும். அட்டையைக்கூட ஒருத்தி கையிலிருந்து மற்றவள் வாங்குவதில்லை.

முதலில் நெரெய்தா போனாள். கையில் காபி பிளாஸ்க். உள்ளே இருந்தது காபி இல்லை, மாமாஹுவானா. மரப்பட்டையும் வேரும் இலையும் போட்ட புட்டியில் ரம்மும் சிவப்பு ஒயினும் தேனும் ஊற்றி ஊறவைப்பது. அசுவா இருக்கிற அந்தத் தீவில் சளியிலிருந்து பிள்ளை இல்லாத குறைவரைக்கும் அதுதான் மருந்து. ரத்தத்தை நீர்க்க வைக்கும், சுத்தம் பண்ணும் என்பார்கள். நெரெய்தா அதோடு நிற்கவில்லை. பூண்டு நசுக்கிப் போட்டாள். அதுவும் போதாது என்று ஒரு கைப்பிடி ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிவிட்டாள்.

"குடி மனுஷா. பூண்டும் ஆஸ்பிரினும் போட்டிருக்கேன். எங்கப்பன் போன மாதிரி நீயும் போயிராத."

"டாக்டரக் கேக்காம குடிக்கலாமா?"

"டாக்டரா உனக்குப் பொண்டாட்டி? நான் மோதிரத்தக் கழட்டி அழுதா அந்த ஆளா வந்து தொடைப்பாரு? குடி."

குடித்தான். கெட்டுப்போகவில்லை, நன்றாகவே இருந்தது. இன்னொரு மூடி கேட்டான்.

"உங்க அக்கா ஏதாவது கொண்டாந்தா தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம்."

பிளாஸ்க்கைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவள் போனதும் விந்தா வந்தாள். மால்ட் பானப் புட்டியில் கறுஞ்சிவப்பாக ஏதோ நிரம்பியிருந்தது. பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்து, மால்ட்டும் கெட்டிப் பாலும் முட்டைக்கருவும் அடித்துக் கலந்த சாறு. போன ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும், நீர்த்த ரத்தத்தைக் கெட்டியாக்கும் என்பது விந்தாவின் சித்தாந்தம்.

"இது என்னக்கா இவ்வளவு?"

"உன் ஒடம்புல இருந்து எவ்வளவு போச்சோ அவ்வளவு. அளந்தா கொண்டார முடியும்? குடிடா தம்பி."

"வயிறு நெறைஞ்சிருக்கு."

"எதால நெறைஞ்சிருக்கு?" விந்தா அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். "பூண்டு வாசம் வருது. அவ ஏதும் குடுத்தாளா?"

"ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கா."

"அவ குடுத்தா தொடாத. சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியம்."

அதே மாதா. அந்த அம்மாவுக்கு அன்றைக்கு எந்தச் சத்தியத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரிந்திருக்காது. புட்டியைக் காலி செய்தான் செமோ. சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று, இருவரிடமும். ஒருத்தி மனசு நோகக் கூடாது என்றால் இன்னொருத்தியுடையதையும் குடித்துத்தானே ஆக வேண்டும்.

மறுநாள் காலை நர்ஸ் வந்தாள். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தாள். பை முழுக்கச் சிவப்பு. அவள் போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில்காரன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

குவேயோ பாதி காபியோடு ஓடிவந்தார். "நான் சொல்லல? உள்ள எங்கயோ தொறந்துக்கிச்சு. கிட்னியா இருக்கும். ஊசிய மறந்துருங்க. இவன் வாயில ஒண்ணும் போகக் கூடாது. ஸ்கேனுக்குக் கொண்டுபோங்க, ஆபரேஷன் அறையத் தயாரா வைங்க. சந்தேகம்னா தொறந்துர வேண்டியதுதான்."

"ரத்த அளவு நேத்து இருந்த மாதிரியே நிக்குதே" என்றாள் யொகாஸ்தா. "இந்தக் காலப் பாருங்க, வீங்கிட்டு வருது. இன்னும் தள்ளிப்போட்டா கட்டியாயிரும்."

"பையப் பாத்துமா ஊசி போடணும்ங்கற?"

"காலப் பாத்துமா போடக் கூடாதுங்கறீங்க?"

செமோ நடுவில் கிடந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது உள்ளே மண்ணீரல் கிடையாது. "தொறந்துர வேண்டியதுதான்" என்ற சொல் மட்டும் அவன் காதுக்குள் நின்றது. வயிற்றைத் திறப்பார்கள். எதற்கு? பீட்ரூட்டுக்கு.

அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் விந்தாவின் பீட்ரூட் சாறு குடித்த மறுநாளெல்லாம் இதே நிறம்தான். சொல்லிவிடலாம். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பக்கம் விந்தாவின் முகம், வாசல் கண்ணாடியில் நெரெய்தாவின் முகம். அட்டை கிட்டை எல்லாம் காற்றில் போயிருந்தது. காவலாளி இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு, "அம்மா, ஒருத்தர்தான், ஒருத்தர்தான்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

யொகாஸ்தா குனிந்தாள். "ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க? மறைக்காம சொல்லுங்க."

வேர்த்தது அவனுக்கு. "பீட்ரூட்" என்றான், கூரையைப் பார்த்து.

"சத்தமா."

"பீட்ரூட் சாறு டாக்டரம்மா. அக்கா குடுத்துச்சு. ரெண்டு புட்டி."

யொகாஸ்தா நர்சிடமிருந்து சோதனைக் காகிதம் ஒன்றை வாங்கிப் பையிலிருந்து எடுத்த சொட்டில் நனைத்தாள். சிறிது நேரம் வைத்துப் பார்த்தாள். "ரத்தம் இல்ல" என்றாள். குவேயோ அந்தக் காகிதத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பிப் பார்த்து, மீசையைத் தடவினார். "நான் இன்னும் காபியே முழுசாக் குடிக்கல" என்று முனகினார்.

வாசலில் நெரெய்தாவின் குரல் கிளம்பியது. "கேட்டீங்களா மதினி? உங்க சாத்தான் சாறு என் புருஷன் வயித்தக் கிழிக்கப் பாத்துச்சு! அவன் தொடமாட்டேன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணியிருந்தான். நீங்க வாயப் பொளந்து ஊத்தியிருக்கீங்க!"

விந்தா ஜன்னலை விட்டுப் பின்வாங்கினாள். அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"சரி, அப்ப ஊசிய ஆரம்பிப்போம்" என்றாள் யொகாஸ்தா. குவேயோவும் தோளைக் குலுக்கினார், செய் என்பதுபோல. நர்ஸ் ஊசியோடு வந்தாள். போர்வையை விலக்கி, செமோவின் வயிற்றுச் சதையை ஒரு பிடி பிடித்தாள். பிடிக்கச் சதைக்குப் பஞ்சமில்லை.

செமோ ஊசி முனையைப் பார்த்தான். நேற்று குவேயோ சொன்னது ஞாபகம் வந்தது: ஆஸ்பிரின் கொடுத்துவிடாதே. உள்ளே ஒரு கைப்பிடி ஆஸ்பிரின் கிடக்கிறது. அதற்கு மேல் இந்த ஊசியும் போனால், மண்ணீரலில் அடைத்திருப்பது நிற்குமா? பாதி உண்மை சொன்னதில் ஒரு கத்தி தப்பியது, இன்னொரு கத்தி வருகிறது. மீதியையும் சொன்னால் நெரெய்தா சிக்குவாள். இப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக விந்தாவை ஜெயித்துவிட்டு, வாசலில் ராணி மாதிரி நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தான். ஊசி முனையைப் பார்த்தான். முனை தோலைத் தொட்டது.

"வேண்டாம்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் சிரித்தாள். "இவ்வளவு பெரிய ஆளு, இத்தினியூண்டு ஊசிக்கா பயப்படுறீங்க?"

"ஊசிக்கு இல்லம்மா. போடாத. கையெடு." ஊசி பிடித்த கையைத் தள்ளிவிட்டான். "டாக்டர், எம் பொண்டாட்டியும் குடுத்தா. அந்தப் பிளாஸ்க்குல. மாமாஹுவானா. பூண்டு போட்டு, ஆஸ்பிரின் பொடிச்சுப் போட்டு. அதையும் குடிச்சேன்."

கட்டிலுக்கடியிலிருந்த பிளாஸ்க்கைக் குவேயோ எடுத்துத் திறந்து மோந்தார். அவர் கண் இரண்டும் ஒரு கணம் மூடியது.

"எவ்வளவு குடிச்ச?"

"முதல்ல மூடில அளந்தேன் டாக்டர். அப்புறம் ருசியா இருந்துச்சு."

"எவ்வளவுடா?"

"அடில கொஞ்சம் வச்சிருக்கேன். அவ திட்டக் கூடாதுன்னு முக்காவாசி குடிச்சேன்."

குவேயோ யொகாஸ்தாவைப் பார்த்தார். யொகாஸ்தா குவேயோவைப் பார்த்தாள். இருவரும் நர்சைப் பார்த்து ஒரே நேரத்தில், "ஊசிய எடுத்துட்டுப் போ" என்றார்கள். அந்த வார்டில் வேலை செய்கிறவர்கள் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் அடைப்பு கலையவில்லை. காலின்மேல் பசை தடவி ஒரு கருவியை உருட்டிப் பார்த்தார்கள். வீக்கம் எலும்பு ஒடிந்ததால் வந்தது, கட்டி இன்னும் இல்லை. இன்னும் இல்லை என்பதை யொகாஸ்தா இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பிரின் லேசில் உடம்பை விட்டுப் போகிற விருந்தாளி இல்லை. அது போகிறவரை கால் காத்திருக்கவும் செய்யாது. ஆகவே ரத்த அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒரு நாள் தள்ளி, அடைப்பு அப்படியே இருந்தால் பக்கத்தில் ஆள் நிற்க ஊசியை ஆரம்பிப்பது என்று முடிவு செய்தார்கள். சண்டை போடாமல் முடிவு செய்தார்கள். பொது எதிரி கிடைத்துவிட்டதே.

பொது எதிரி கட்டிலில் கிடந்து உப்பில்லாத கஞ்சி குடித்தான். வெளிச்சாப்பாடு ஒரு பருக்கை உள்ளே வரக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு. அட்டையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நெரெய்தாவும் விந்தாவும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். பொரித்த வாழைக்காய் விற்கிறவன் வந்தான், போனான்.

"உங்கிட்டச் சத்தியம் பண்ணானா?" என்றாள் விந்தா, ரோட்டைப் பார்த்து.

"மாதா மேல."

"எங்கிட்டயும் மாதா மேலதான்."

நெரெய்தா திரும்பினாள். "அதே நாள்லயா?"

"நீ வெளிய வந்ததும் நான் போனேனே, அப்ப."

நெரெய்தா கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மதினி, ஒண்ணு கேக்கறேன். மத்தியானம் உங்க வீட்டுக்கு எப்பவாச்சும் சாப்பிட வருவானா?"

"எப்பவாச்சுமா? தெனமும் வருவான். நீ சோறே போடறதில்லன்னு நெனச்சு நான் எத்தனை வருஷமா அழுதிருக்கேன்!"

காவலாளி பிற்பாடு சொன்னது: இவ்வளவு நேரம் சண்டைக்குப் பயந்தேன், அந்த இரண்டு பேரும் பெஞ்சில் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்ததும்தான் உள்ளே இருக்கிறவனை நினைத்து நிஜமாகவே பயந்தேன்.

மண்ணீரல் நின்றது. ஊசியை ஆரம்பித்தார்கள், ரத்த அளவு இறங்கவில்லை. கால் வீக்கம் வடிந்தது. நெஞ்சுக்கு எதுவும் போகவில்லை. இரண்டு பக்கமும் கிடங்கு வெட்டிய வரப்பில் செமோவை எப்படியோ நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கரையில் விட்டார்கள் அந்த இரண்டு டாக்டர்களும். கைத்தாங்கல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்றாள் யொகாஸ்தா.

"ஆனா கால் முழுசா நடக்குற வரைக்கும் ஊசி வீட்லயும் தெனம் போடணும். வயித்துலதான். ஒரு நாள் வலது பக்கம், ஒரு நாள் இடது பக்கம். யார் போடுவீங்க? கத்துத் தர்றேன்."

இரண்டு கை ஒரே நேரத்தில் உயர்ந்தது. செமோ படுத்தவாக்கில் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டாக்டரம்மா, நர்ஸ் வீட்டுக்கு வரமாட்டாங்களா?"

"எதுக்கு? நாங்க இல்ல?" என்றாள் விந்தா.

ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினார்கள். நெரெய்தா ஒரே நாளில் தேர்ந்துவிட்டாள். விந்தாவுக்குக் கொஞ்சம் கண் மங்கல். இரண்டு மூன்று பழம் கூடுதலாகச் செலவானது. வலப்பக்கம் மனைவிக்கு, இடப்பக்கம் அக்காவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். வழக்கம்போல செமோவைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் காலை. இடப்பக்கத்தின் முறை. செமோ கட்டிலில் மல்லாந்து கிடந்தான். விந்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, மெதுவா. அக்கா, அங்க இல்ல, கொஞ்சம் தள்ளி..."

"நெளியிறான்" என்றாள் விந்தா. "நெரெய்தா, தோளப் பிடி."

"பிடிச்சிருக்கேன் மதினி. நீங்க நிதானமாக் குத்துங்க" என்றாள் நெரெய்தா.